குறிக்கும் படமும் படிக்கும் படமும்: தமிழ்நாட்டுப் பள்ளிப் புவியியல் கற்பித்தலில் நிலவரைபடமும் தொழில்நுட்பமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டுப் பாடநூல் மாற்றத்திற்குப் பின் விரைவுத் துலங்கல் குறியீடு, கல்வித் தொலைக்காட்சி, திறன்பலகை, செயலி எனப் புவியியல் கற்பித்தலுக்கான கருவிகள் பெருகியுள்ளன. அக்கருவிகள் எத்தகைய படப் பழக்கத்திற்குத் துணைநிற்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நிலவரைபடம் வகுப்பறையில் விடையைக் குறிக்கும் தாளாக நிலைபெற்றுவிட்டதையும், சான்றாகப் படிக்கப்படும் ஆவணம் என்னும் அதன் இயல்பு பின்தள்ளப்பட்டதையும் இது எடுத்துக்காட்டுகிறது. அளவை, கோட்டுச்சட்டம், சம உயரக்கோடு ஆகிய மூன்றும் திரையில் அடையும் மாற்றங்கள், இடவிளக்கப் படத்தாள்கள் பள்ளிக்குக் கிட்டாதிருந்த வரலாறு, மாம்பலம் ஏரி, கடற்கரை மண்டலப் படங்கள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிலவரைபடம், புவியியல் கற்பித்தல், அளவை, கோட்டுச்சட்டம், இடவிளக்கப்படம், திறன்பலகை, கடற்கரை மண்டலம்.

முன்னுரை

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பொதுத்தேர்வில் விடைத்தாளுடன் மாணவர் இணைத்துக் கட்டும் படத்தாள் உண்டு. எல்லைக்கோடு மட்டும் அச்சிடப்பட்ட அப்புறவரிப்படத்தில், கேட்கப்பட்ட மலை, ஆறு, துறைமுகம், நகரம் ஆகியவற்றை உரிய இடத்தில் குறித்தால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கிடைக்கும். மெல்லக் கற்கும் மாணவர் தேர்ச்சி பெறுவதற்கு உறுதியான துணை இப்பகுதியே என்பது சமூக அறிவியல் ஆசிரியர் அனைவரும் அறிந்தது. எனவே தேர்வுக்கு முந்தைய மாதங்களில் இதே படம் மீண்டும் மீண்டும் வரையப்படுகிறது. நர்மதையின் கோடு எந்த வளைவில் தொடங்க வேண்டும், காண்ட்லாவின் புள்ளி கட்ச் வளைகுடாவின் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பன விரல் நினைவாகவே படிந்துவிடுகின்றன.

இப்பயிற்சியை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடுவது எளிது, நேர்மையானதன்று. இடங்களின் அமைவிடம் தெரியாத ஒருவர் செய்தித்தாளையும் முழுமையாகப் படிக்க இயலாது. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் நிலவரைபடத் திறன்களுக்கெனத் தனி அலகு இருந்தும், படத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு முடிவுக்கு வரும்படி மாணவரைக் கேட்கும் வினா பொதுத்தேர்வுப் படப்பகுதியில் இடம்பெறுவதில்லை. ஆகவே பாடத்திட்டம் ஒன்றைச் சொல்ல, மதிப்பீடு மற்றொன்றைப் பழக்குகிறது. வகுப்பறைக்குள் வந்த புதிய கருவிகள் இவ்விரண்டில் மதிப்பீட்டின் பக்கமே சாய்ந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருத்து.

விடையாகிவிட்ட படம்

புறவரிப்படம் ஒரு வினோதமான ஆவணம். அதில் தலைப்பு உண்டு. பல வேளைகளில் வேறொன்றும் இல்லை. அளவை, உயரம், நிலப்பயன்பாடு ஆகிய எதுவும் இல்லாத அப்படத்திலிருந்து மாணவர் தெரிந்துகொள்ள ஏதுமில்லை. தமக்கு முன்பே தெரிந்ததை அதில் வைக்க மட்டுமே முடியும். படத்திலிருந்து மாணவருக்கு வர வேண்டிய செய்தி, மாணவரிடமிருந்து படத்திற்குச் செல்கிறது. பாடநூலில் உள்ள சில படங்களும் அளவைக்கு உட்பட்டவை அல்ல என்னும் குறிப்புடனேயே அச்சாகின்றன. பக்க அளவுக்கேற்ப படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் வேண்டியிருப்பது பதிப்பாளர்க்கு உண்மையான நெருக்கடி. ஆயினும் தூரத்தை அளக்க இயலாத படத்தை வைத்துக்கொண்டு அளவையின் வகைகளை வரையறுக்கச் சொல்வது, தராசு இல்லாத கடையில் எடைக்கற்களின் பெயரைச் சொல்லித்தருவது போன்றதாகும்.

இது தமிழ்வழிக் கல்வியின் எல்லை என்று கருதுவதற்கு இடமில்லை. இலங்கையில் தமிழ் மொழிமூலம் க.பொ.த. சாதாரண தரப் புவியியல் தேர்வு எழுதும் மாணவர்க்கு 1:50,000 அளவுத்திட்டத்தில் அமைந்த இடவிளக்கப்படத் துண்டு வழங்கப்பட்டு, அதனைப் படித்து விடையளிக்கும் வினா கேட்கப்படுகிறது. சம உயரக்கோடுகள் காட்டும் நிலவுருவம், ஆள்கூறு, குறியீடு, குடியிருப்பின் அமைவு ஆகியவற்றை முன்பின் பார்த்திராத ஒரு துண்டிலிருந்து மாணவர் கண்டறிய வேண்டும். இடங்களைக் குறிக்கும் பயிற்சியும் அங்கே உண்டு. இரண்டும் உடன் நிற்கின்றன. இவ்வினாவும் ஆண்டுக்கணக்கில் கேட்கப்பட்டதால் தனக்கென ஒரு வாய்பாட்டை உருவாக்கிக்கொண்டது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் வாய்பாடாக மாறிய பின்னும் அது கேட்பது படத்தைப் பார்க்கும் செயலையே. படவரைகலை, அளவுத்திட்டம், இடவிளக்கப்படம் போன்ற கலைச்சொற்கள் அங்கே பள்ளி மாணவரின் புழக்கத்தில் இருப்பதற்கும் இத்தேர்வுமுறை ஒரு காரணம். தமிழ்நாட்டில் 'வரைபடம்' என்னும் ஒரே சொல் நிலத்தின் படத்தையும் கணக்கியல் கோட்டுப்படத்தையும் ஒருங்கே சுமந்து நிற்பது, அச்சொல்லைக் கொண்டு துல்லியமாகப் பேச வேண்டிய தேவை வகுப்பறையில் எழவில்லை என்பதன் அடையாளமாகவும் கொள்ளத்தக்கது.

திரையில் ஏறிய படம்

திறன்பலகை வந்த பின் சுவரில் தொங்கிய துணிப்படத்தின் இடத்தைத் திரைப்படிமம் பிடித்தது. பாடநூற் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதே இதன் முதற்பயன்பாடு. கடைசி இருக்கையில் இருப்பவருக்கும் படம் தெரிகிறது என்பது சிறு நன்மையன்று. ஆனால் பெரிதாக்கும் அக்கணத்திலேயே படத்தின் அளவை பொய்யாகிவிடுகிறது. பக்கத்தில் 1:50,000 என்று அச்சான படம் திரையில் பத்து மடங்கு விரிந்தால், திரையிலுள்ள ஒரு செ.மீ. காட்டுவது 500 மீட்டரை அன்று, 50 மீட்டரையே. வாக்கிய அளவைக்கும் பிரதி பின்ன அளவைக்கும் இக்கதி நேர, கோட்டு அளவை மட்டும் படத்துடன் சேர்ந்து விரிந்து தன் உண்மையைக் காத்துக்கொள்கிறது. மூன்று அளவை முறைகளின் வேறுபாட்டைப் பத்து வரி விளக்கத்தால் மனத்தில் பதிக்க முயலும் ஆசிரியருக்குத் திறன்பலகை இதை ஒரு நிமிடத்தில் காட்டும் வாய்ப்பைத் தருகிறது. அப்படிப் பயன்படுத்தும்போதுதான் கருவி பாடத்திற்குள் நுழைகிறது. பெரிதாக்குவதோடு நின்றால் அது சுண்ணக்கட்டியின் வேலையை விலை கூட்டிச் செய்கிறது.

இணைய நிலவரைபடங்களின் கோட்டுச்சட்டம் இதைவிட நுண்ணிய சிக்கல். மெர்கேட்டர் 1569இல் கடலோடிகளுக்காக அமைத்த கோட்டுச்சட்டத்தின் வழிவந்த ஒன்றே கைப்பேசி வரைபடங்களின் வழக்கமான அடிப்படை. அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலம் பெருத்துத் தோன்றும். ஏறத்தாழ 3 கோடி சதுர கி.மீ. பரப்புள்ள ஆப்பிரிக்காவும் அதில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்தும் ஒத்த அளவினவாகத் தெரிவது பலரும் சொல்லும் எடுத்துக்காட்டு. தொலைவிலுள்ள கிரீன்லாந்தைச் சொல்லிவிட்டு நகர்வதால், இப்பிறழ்ச்சி தமக்குத் தொடர்பில்லாதது என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். இந்தியாவுக்குள்ளேயே இதைக் காட்டலாம். வடக்கு அட்சம் 8 பாகைக்கு அருகிலுள்ள கன்னியாகுமரியையும் 34 பாகைக்கு அருகிலுள்ள ஸ்ரீநகரையும் கைப்பேசியில் ஒரே உருப்பெருக்க நிலையில் பார்த்தால், ஸ்ரீநகரின் ஒரு கிலோமீட்டர் கன்னியாகுமரியின் ஒரு கிலோமீட்டரைவிட நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதியாகத் தோன்றும். பரப்பில் இவ்வேறுபாடு 40 விழுக்காட்டைத் தாண்டும். திரையின் மூலையிலுள்ள கோட்டு அளவையை இரண்டு இடங்களிலும் கவனித்தாலே இது புலப்படும். பத்தாம் வகுப்பில் கற்கும் முக்கோணவியல் விகிதங்களைக் கொண்டு கணக்கிடவும் முடியும். பாடநூல் இந்தியாவும் கைப்பேசி இந்தியாவும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்ற கேள்வியை எழுப்பாத வகுப்பில் கோட்டுச்சட்டம் பற்றிய பாடம் நடந்ததாகக் கொள்ள இயலாது.

பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் 2017இல் மெர்கேட்டர் படத்துடன் பரப்பைச் சரியாகக் காட்டும் கால்-பீட்டர்ஸ் படத்தையும் வகுப்பறைகளில் கொண்டுவந்தபோது அது உலகச் செய்தியானது. கண்டங்களின் பரப்பு குறித்த பொய்த்தோற்றம் கலைந்தது நன்றே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால், பரப்பைப் பிறழ்த்தும் படத்திற்கு மாற்றாக வடிவத்தைப் பிறழ்த்தும் படம் வந்திருக்கும். பிறழாத தட்டைப்படம் இல்லை என்னும் அடிப்படை உண்மை அப்போதும் கற்பிக்கப்பட்டிராது.

அளவை பற்றிய அறியாமை எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு இந்தியக் கடற்கரையின் நீளமே சான்று. 7,516.6 கி.மீ. என்னும் எண்ணைப் பல தலைமுறை மாணவர் ஒப்புவித்தனர். அண்மையில் அது ஏறத்தாழ 11,098 கி.மீ. எனத் திருத்தப்பட்டுள்ளது. நாட்டின் நிலம் வளரவில்லை. முந்தைய எண் 1:45,00,000 என்னும் மிகச் சிறிய அளவையிலான படத்தில் அளக்கப்பட்டது. புதிய எண் 1:2,50,000 அளவையில் அளக்கப்பட்டது. கழிமுகங்களும் நெளிவுகளும் பெரிய அளவையில் வெளிப்பட்டதால் கோடு நீண்டது. வினா வங்கிகள் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதிக்கொண்டால் வேலை முடிந்துவிடும். ஒரே கரைக்கு இரண்டு நீளம் எப்படி இருக்க முடியும் என்று கேட்கும் வகுப்பில்தான் அளவை என்னும் கருத்து பிறக்கிறது. அதற்குத் திறன்பலகை வேண்டியதில்லை. ஒரு நூலும் வெவ்வேறு அளவையில் அமைந்த இரண்டு படங்களும் போதும்.

காணொலியின் இடம்

2018-19இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்கள் விரைவுத் துலங்கல் குறியீடுகளையும் அலகு இறுதியில் இணையச் செயல்பாடுகளையும் கொண்டிருந்தன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின் பெருந்தொகையான மாணவர்க்கு அதுவே வகுப்பறையானது. மணற்கேணி செயலி 2023இல் வந்தது. இம்முயற்சிகளின் பரப்பு மதிக்கத்தக்கது. தமிழில் இத்தனை பாடக் காணொலிகள் முன்னெப்போதும் இருந்ததில்லை.

காணொலிக்கு இயல்பாகவே வலிமையான களங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் நகர்வு, புவித்தட்டுகளின் விலகல், புயலின் சுழற்சி போன்று கண்ணால் காண இயலாத வேகத்திலோ விரிவிலோ நிகழ்வனவற்றை அச்சுப் பக்கம் அம்புக்குறிகளால் சுட்டத்தான் முடியும். அசைபடம் நிகழ்த்திக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமே தருகிறது என்பதை எண்ணாகக் கேட்பதற்கும் மேகத்திரளின் நகர்வாகக் காண்பதற்கும் வேறுபாடு உண்டு. படவாசிப்புக்குக் காணொலி பொருந்துவது அரிது. படத்தைப் படிக்கும் கண் அலைய வேண்டும். ஓரிடத்தில் நின்று, திரும்பிச் சென்று, குறிப்பைப் பார்த்து, மீண்டும் வர வேண்டும். காணொலியோ கண்ணைக் கைபிடித்து ஒரே வழியில் அழைத்துச் செல்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை அம்புக்குறி முடிவு செய்துவிட்ட பின் மாணவர் செய்ய எஞ்சியிருப்பது ஆமோதிப்பது மட்டுமே.

நடைமுறை முரண் ஒன்றையும் இங்குச் சுட்ட வேண்டும். குறியீட்டை வருடத் திறன்பேசி தேவை. பள்ளி வளாகத்தில் மாணவர் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே பாடநூலிலுள்ள இணையச் செயல்பாடு, ஆசிரியர் அருகில் இல்லாத வீட்டில், திறன்பேசி இருக்கும் குடும்பத்தில் மட்டுமே திறக்கிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகமுள்ள பள்ளிகளில் அதைப் புவியியல் பாடவேளைக்கு ஒதுக்கினால் இம்முரண் பெருமளவு தீரும். கணினி அறிவியலுக்கும் இணையவழித் தேர்வுகளுக்கும் மட்டுமே உரியது அவ்வாய்வகம் என்னும் எண்ணம் அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

கிட்டாதிருந்த தாள்கள்

இந்தியத் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோணமுறை நில அளவைக்கான அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் அளக்கத் தொடங்கினார். அதற்கு முன்பே 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. இன்றைய கிண்டி பொறியியற் கல்லூரியின் மூலம் அதுவே. நில அளவையின் தொட்டில்களுள் ஒன்றான இந்நிலத்தில், அவ்வளவையின் விளைவான இடவிளக்கப் படத்தாள் பள்ளி மாணவரின் கைக்கு நெடுங்காலம் வரவில்லை. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு, நாட்டின் எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்கள் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் வைக்கப்பட்டிருந்தன. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ பணிபுரிந்த புவியியல் ஆசிரியர் தம் ஊரின் தாளைச் சுவரில் மாட்ட இயலாது. எங்கோ உள்நாட்டில் உள்ள, தாமும் மாணவரும் காணாத மலைப்பகுதியின் தாளைக் கொண்டே சம உயரக்கோட்டை விளக்க வேண்டியிருந்தது. படவாசிப்பு வகுப்பறையில் வேர்விடாமைக்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுவோர் இவ்வரலாற்றைக் கருதுவதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய நிலவரைபடக் கொள்கை பாதுகாப்புத்துறைக்கான தாள் வரிசையையும் பொதுப்பயன்பாட்டிற்கான திறந்த தாள் வரிசையையும் பிரித்தது. 2017இல் இந்திய நில அளவைத் துறை திறந்த வரிசைத் தாள்களை இணையவழிப் பதிவிறக்கத்திற்குத் தந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் புவித்தகவல் சார்ந்த கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தின. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் தளம் 2009 முதல் செயற்கைக்கோள் படிமங்களைத் தருகிறது. கதவு திறந்துவிட்டது, பழக்கம் மட்டும் பூட்டிய காலத்ததாகவே உள்ளது. அண்மைக் காலத் தொழில்நுட்ப வரவுகளுள் வகுப்பறைக்கு மிக முதன்மையானது எது எனக் கேட்டால், திறன்பலகையைவிட இக்கதவுத் திறப்பையே சுட்ட வேண்டும்.

சொந்த ஊரின் தாள் எளிய பாடம் தரும் என்பதற்கில்லை. 1:50,000 தாளில் சம உயரக்கோடுகளின் இடைவெளி பொதுவாக 20 மீட்டர். திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து அந்த 20 மீட்டர் உயரத்தையும் எட்டுவதில்லை. அப்பகுதி மாணவர் தம் ஊர்த்தாளில் சம உயரக்கோட்டைத் தேடினால் காணக் கிடைக்காது. பாடநூல் கூம்புக் குன்றையும் 'வி' வடிவப் பள்ளத்தாக்கையும் காட்டிப் பயிற்றுவித்த ஆசிரியருக்கு இது வெற்றுத்தாளாகத் தோன்றக்கூடும். உண்மையில் கோடு இல்லாமையே அங்குள்ள முதற்செய்தி. கோடு இல்லாத நிலத்தில் நீர் எவ்வழி ஓடும் என்பதைக் கால்வாய்களின் கிளைப்பும், கரைகளும், தல உயரப் புள்ளிகளும், சற்றே மேடான இடத்தில் நெருங்கி அமைந்த குடியிருப்புகளும் சொல்கின்றன. காவிரிப் படுகையின் சிறுவருக்கு இது வீட்டுச் செய்தி. வெள்ளக் காலத்தில் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது படத்தில் எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதை மட்டுமே வகுப்பறை காட்ட வேண்டும்.

ஏரியும் பொழுதும்

இரு காலங்களின் படங்களை ஒப்பிடும் பயிற்சி படவாசிப்பில் வளமானது. சென்னையின் மாம்பலத்தை எடுத்துக்கொள்ளலாம். நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை நோக்கி அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி பழைய நகரப் படங்களில் தெளிவாக உள்ளது. 1920களில் அதன் ஒரு பகுதியை வடித்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. ஏரி போன பின்னும் பெயர்கள் நின்றன: நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை'. நீரைக் காண இயலாத சாலைக்கு ஏன் அப்பெயர் என்ற வினாவோடு ஒரு வகுப்பு தொடங்கினால், பழைய படம் தானாகவே சான்றுப் பொருளாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தின் பின் ஏரிகளின் பழைய எல்லைகள் நகரமெங்கும் பேசுபொருளானதை இதனுடன் இணைக்கலாம்.

மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதால் இப்பயிற்சிக்குப் பொருள் கிடைக்காத வட்டாரம் அரிது. செய்முறையும் எளிது. பழைய தாளிலுள்ள ஏரியின் எல்லையை டிரேசிங் தாளில் படியெடுத்து, அண்மைச் செயற்கைக்கோள் படிமத்தின் அச்சுப் பிரதிமேல் வைத்துப் பார்ப்பதே அது. முதல் தடை அளவை. பழைய தாள் ஒரு அங்குலத்திற்கு ஒரு மைல், அதாவது 1:63,360 என்னும் அளவையில் இருக்கும். படிமம் வேறோர் அளவையில் இருக்கும். இரண்டையும் ஒத்த அளவைக்குக் கொண்டுவரும் கணக்கே ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளும். அதை வீண்செலவென்று கருதுவோர் படிமத்தைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் மென்பொருளை நாடுவர். அம்மென்பொருள் மாணவர் செய்ய வேண்டிய சிந்தனையைத் தானே செய்து முடித்துவிடுகிறது. முதன்முறை கையாலும், அடுத்த முறை மென்பொருளாலும் செய்வது முறையாகும்.

இரண்டாவது தடை இன்னும் பயனுள்ளது. பழைய தாளில் ஏரி அதன் முழு நீர்ப்பரப்புடன் வரையப்பட்டிருக்கும். மே மாதப் படிமத்தில் அதே இடம் பழுப்பு நிறத் தரையாகத் தெரியும். ஏரி அழிந்துவிட்டது என்று மாணவர் விரைந்து முடிவு கட்டுவர். நவம்பர் மாதப் படிமத்தைக் காட்டினால் அம்முடிவு கலையும். எந்தப் படமும் ஒரு பருவத்தின் படம் என்பதும், ஆக்கிரமிப்பையும் கோடையையும் வேறுபடுத்திக் காண இரண்டு படிமங்களேனும் வேண்டும் என்பதும் அப்போது விளங்கும். ஐந்திணைப் பகுப்பைப் புவியியல் கட்டுரைகளின் முகப்பில் மாலையாகச் சூட்டிவிட்டு மறந்துவிடும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் முதற்பொருள் என ஒன்றாக வைத்ததைப் புவியியல் ஆசிரியர் கைக்கொள்ள விரும்பினால், அதற்கான இடம் முகப்பைவிட இந்தப் படிம ஒப்பீட்டில்தான் உள்ளது.

கரையில் நிற்பவர் கையில் உள்ள படம்

படவாசிப்பைப் பள்ளியோடு முடியும் திறனாகக் கருத இயலாமைக்குக் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டப் படங்கள் சான்று. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, இத்திட்டப் படங்களை 1:25,000 அளவையிலும் ஊர்மட்டப் படங்களை 1:4,000 அளவையிலும் அமைக்கக் கூறியது. 2019இல் புதிய அறிவிக்கை வந்தது. வரைவுப் படங்கள் மக்கள் கருத்துக்கேட்புக்கு வைக்கப்பட்டபோது மீனவர் குடியிருப்புகளும் பொதுப்பயன்பாட்டு இடங்களும் அவற்றில் விடுபட்டுள்ளதாகத் தமிழ்நாட்டின் கரையோர ஊர்களிலிருந்து ஆட்சேபணைகள் எழுந்தன.

இவ்விரு அளவைகளின் வேறுபாடு என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் அகலமுள்ள மீன் உலர்த்தும் களம் 1:25,000 படத்தில் 0.8 மி.மீ. மட்டுமே, பென்சில் கோட்டின் தடிமனுக்குச் சற்று மிகுதி. 1:4,000 படத்தில் அதுவே 5 மி.மீ.; பெயரெழுதிக் காட்டத்தக்க பரப்பு. வலை செப்பனிடும் இடம், படகேற்றும் மணல்திட்டு, கோயில் முன்னுள்ள வெளி ஆகியவை சிறிய அளவைப் படத்தில் இல்லாமற்போவதற்கு எவரது தீய எண்ணமும் தேவையில்லை; அளவையே போதும். படத்தில் இல்லாதது சட்டத்தின் பார்வையிலும் இல்லாததாகிவிடக்கூடும். கருத்துக்கேட்பில் 'எங்கள் களம் படத்தில் இல்லை' என்று சொல்பவரைவிட, 'இந்த அளவையில் அது வராது. ஊர்மட்டப் படத்தைக் காட்டுங்கள்' என்று கேட்பவருக்கு விடை சொல்லாமல் நகர்வது அலுவலருக்குக் கடினம். இரண்டாவது வாக்கியத்தைப் பேசுவதற்கு வேண்டிய அறிவு முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலேயே அடங்கியுள்ளது. புறவரிப்படத்தில் துறைமுகங்களைப் பிழையின்றிக் குறித்து முழு மதிப்பெண் பெற்றவர், தம் கரையின் படம் மேசையில் விரிக்கப்படும்போது அதைப் படிக்க இயலாமல் நிற்பது சிறிய இழப்பன்று.

மாற்றத்திற்கு எதிரான வாதங்கள்

பாடவேளை போதாது, ஒரே சமூக அறிவியல் ஆசிரியர் வரலாறும் புவியியலும் குடிமையியலும் நடத்த வேண்டியுள்ளது, வரலாறு பயின்றவருக்குப் படவாசிப்பில் பயிற்சி இல்லை என்னும் வாதங்கள் மெய்யானவை. பணியிடைப் பயிற்சிகளில் செயலியை இயக்கும் முறைக்குத் தரப்படும் நேரத்தில் ஒரு பகுதியை, ஆசிரியர் தம் பள்ளி அமைந்த வட்டாரத்தின் தாளை ஒருமுறை முழுமையாகப் படிப்பதற்கு ஒதுக்கினால் கடைசிக் குறை ஓரளவு நீங்கும்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவரைக் குறித்த வாதம் இன்னும் கனமானது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வில் அவர்களுக்குப் படவினாவுக்கு மாற்றாக எழுத்து வினா தரப்படுகிறது. பரிவுடன் செய்யப்பட்ட ஏற்பாடே. ஆயினும் அது படத்திலிருந்தே அவர்களை விலக்கிவிடுகிறது. தேசிய நிலவரைபடத் தொகுப்பு நிறுவனம் 2017இல் பிரெய்ல் நிலவரைபட நூலை வெளியிட்டது. தொட்டறியும் படத்தில் சம உயரக்கோடு பார்வையுள்ளவர்க்கு எட்டாத ஓர் உடல் அனுபவமாகிறது. அட்டைகளை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிச் செய்த குன்றின் மாதிரி வகுப்பிலுள்ள அனைவருக்குமே உகந்த கருவி. அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

தேர்வு மாறாமல் வகுப்பறை மாறாது என்னும் வாதமே எஞ்சுகிறது. அதை ஏற்றுக்கொண்டு, தேர்வையே எடுத்துக்கொள்ளலாம். 1:50,000 தாளில் 4 கி.மீ.க்கு 4 கி.மீ. பரப்பு 8 செ.மீ. சதுரத்தில் அடங்கும், வினாத்தாளின் அரைப்பக்கமும் ஆகாது. வண்ண அச்சு இயலாதெனில் நிறத்தை நம்பாத குறியீடுகளைக் கொண்ட சமவெளித் துண்டைத் தேர்ந்தெடுக்கலாம். கரையோர ஊர் ஒன்றின் துண்டைத் தந்து, நூலால் கால்வாயின் நீளத்தை அளக்கச் சொல்வது ஒரு வினா. நீர் எத்திசையில் வடிகிறது எனக் காரணத்துடன் கேட்பது இரண்டாவது வினா. படத்தில் 'அ', 'ஆ' எனக் குறித்த இரண்டு இடங்களுள் புயல் பாதுகாப்பு மையத்திற்கு உகந்தது எது, படத்திலுள்ள எந்த இரண்டு செய்திகள் அதற்குச் சான்று எனக் கேட்பது மூன்றாவது. தல உயரத்தைச் சொல்லி ஓரிடத்தைத் தேர்ந்தவருக்கும், சாலை அணுகலைச் சொல்லி மற்றோரிடத்தைத் தேர்ந்தவருக்கும், சான்று படத்தில் இருக்குமானால், ஒரே மதிப்பெண் வழங்க வேண்டும். விடைக்குறிப்பில் இரண்டு விடைகளையும் அச்சிட வேண்டியிருக்கும்.